ஒரே ஃப்ளூவில் மனைவி, அண்ணன், அண்ணி, சித்தப்பா: கவிஞர் நிராலாவின் குடும்பத்துக்கு 1918-ல் என்ன நடந்தது?

1918-ம் ஆண்டு. வங்காளத்தின் மேதினிபூர் மாவட்டத்தில் மகிஷாதல் என்ற ஜமீன் ஊர். அங்கே இருந்த ஓர் இளைஞருக்குத் தந்தி வருகிறது. மனைவிக்கு உடம்பு ரொம்ப மோசம், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும்படி சேதி. மனைவி இருந்தது இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டத்தில், கங்கைக் கரையில் உள்ள டல்மாவ் என்ற அவரது பிறந்த ஊரில். இளைஞர் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தார். அதற்குள் மனைவி இறந்துவிட்டார்.

அந்த இளைஞர்தான் சூர்யகாந்த் திரிபாதி. நிராலா என்ற புனைபெயரில் பிற்பாடு இந்திக் கவிதையையே புரட்டிப் போட்டவர். பள்ளியில் இந்தி படித்தவர்களுக்கு, அலகாபாத் சாலையோரத்தில் வெயிலில் கல் உடைக்கும் பெண்ணைப் பற்றிய கவிதை ஞாபகம் இருக்கலாம். அது இவருடையது.

இந்தியாவில் 1918 ஃப்ளூ பற்றி யார் எழுதினாலும் இந்தக் குடும்பத்தின் கதை வந்துவிடுகிறது. கொரோனா காலத்தில் செய்தித் தளங்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டதும் இதைத்தான். ஏன் எப்போதும் இவரே? கோடிக்கணக்கில் செத்த நோய்க்கு வேறு சாட்சியே கிடையாதா? அதற்கு முன் எண்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

60 லட்சமா, 2 கோடியா?

1918 மே மாதக் கடைசியில் பம்பாய்த் துறைமுகத்துக்குக் கப்பல் ஒன்று வந்தது. ஜூன் 10-ம் தேதி, துறைமுகக் காவலில் இருந்த போலீஸ்காரர்கள் 7 பேர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அங்கிருந்து ரயில் பாதைகள் வழியாக நோய் நாடு முழுக்கப் போனது. முதல் அலை கொஞ்சம் லேசானது. செப்டம்பரில் தொடங்கிய இரண்டாவது அலைதான் ஆளைத் தின்றது. அந்த வருஷம் பருவமழையும் பொய்த்திருந்தது. தானிய விலை எகிறி, பாதி வயிற்றோடு இருந்த கிராமங்களுக்குள் நோய் நுழைந்தது. டாக்டர்களில் பலர் முதல் உலகப் போருக்குப் போயிருந்தார்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள்? இதற்கு ஒரே பதில் இல்லை. 1919-ல் அரசின் சுகாதார ஆணையர் நார்மன் வைட் கொடுத்த முதற்கட்டக் கணக்கு சுமார் 60 லட்சம். மக்கள்தொகை ஆய்வாளர் கிங்ஸ்லி டேவிஸ் 1951-ல் அதைக் கிட்டத்தட்ட 2 கோடி வரை கொண்டுபோனார். 1986-ல் ஐ.டி. மில்ஸ் 1.7 முதல் 1.8 கோடி என்றார். 2012-ல் சித்தார்த் சந்திராவும் உடன் ஆய்வாளர்களும் சுமார் 1.39 கோடி என்றார்கள். எதை எடுத்துக்கொண்டாலும், இந்த நோயில் இந்தியா அளவுக்கு ஆட்களை இழந்த நாடு வேறு இல்லை.

இவ்வளவு இடைவெளி ஏன் என்றால், எண்ணிய முறை அப்படி. கிராமத்து மரணங்களைப் பதிவு செய்ய வேண்டியவர் ஊர்க் காவலாளியான சௌக்கிதார். யார் எதனால் இறந்தார் என்று அவர்தான் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லுவார். அவருக்கு மருத்துவம் தெரியாது. மலேரியாவோ டைஃபாய்டோ ஃப்ளூவோ, எல்லாம் காய்ச்சல் என்ற ஒரே கட்டத்தில் விழும். 1918-ன் கடைசி மாதங்களில் அந்தச் சௌக்கிதார்களே படுத்துவிட்டார்கள். டேட்டா வேலை செய்கிறவளாகச் சொல்கிறேன்: எண்ணுகிறவனே நோயில் விழுந்துவிட்ட அட்டவணையை நம்பி எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் வழக்கமான வருஷங்களோடு ஒப்பிட்டு, கூடுதலாக எத்தனை பேர் இறந்திருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார்கள். கோவிட் சமயத்தில் நாம் கேட்டுப் பழகிய அதே உபரி மரணக் கணக்குதான்.

ஒன்று மட்டும் மறைக்க முடியாமல் மாட்டிக்கொண்டது. இன்றைய இந்திய நிலப்பரப்பின் மக்கள்தொகை 1911-ல் 25.21 கோடி. 1921-ல் 25.13 கோடி. சென்சஸ் எடுக்கத் தொடங்கியதிலிருந்து மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அது.

இறந்தவர்களில் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்கள் அதிகம். பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்தார்கள். நோயாளிக்குக் கஞ்சி ஊற்றியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவர்கள்தான். வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டதும் அவர்கள்தான். நிராலாவின் மனைவி மனோகரா தேவிக்கு இருபதை ஒட்டிய வயது.

யார் இந்த நிராலா?

பூர்வீகம் உன்னாவ் மாவட்டத்தின் கடாகோலா கிராமம். அப்பா ராம்சகாய், பிழைப்புக்காக வங்காளத்துக்குப் போய் மகிஷாதல் ஜமீனில் சிப்பாயாக வேலை பார்த்தவர். பையன் பிறந்தது அங்கேதான். பிறந்த ஆண்டு 1896 என்றும் 1899 என்றும் இரண்டு கணக்கு உண்டு. பிறந்தநாளை வசந்த பஞ்சமியன்று கொண்டாடிக்கொண்டார். ஃப்ளூ வந்தபோது தனக்கு 22 வயது என்பது அவருடைய சொந்தக் கணக்கு.

மூன்று வயது வாக்கில் அம்மா போய்விட்டார். அப்பா அடிக்கிற அப்பா. பையன் வங்காளி பேசி, வங்காளி படித்து வளர்ந்தான். சிறு வயதிலேயே டல்மாவின் மனோகரா தேவியோடு கல்யாணம். மெட்ரிகுலேஷன் தேறவில்லை என்று அப்பா வீட்டைவிட்டுத் துரத்தியபோது, போய் நின்ற இடம் மாமனார் வீடு.

இந்திக்கு அவரைக் கொண்டுவந்தது மனைவிதான் என்பது இலக்கிய உலகில் எல்லோரும் சொல்லும் செய்தி. மனோகராவுக்கு நல்ல குரல். துளசிதாசரின் பஜனைகளைப் பாடுவார். வங்காளியில் கெட்டிக்காரன் என்ற மிதப்பில் இருந்த புருஷனுக்கு இந்தி சரியாகத் தெரியாது என்பதை அவர் சும்மா விடவில்லை. ரோஷம் வந்தவர், அன்றைய பெரிய இந்திப் பத்திரிகையான சரஸ்வதியின் இதழ்களை வைத்துக்கொண்டு தானாகவே மொழியைப் படித்தார். பிறகு இந்தியில் யாப்பை உடைத்துக் கவிதை எழுதும் அளவுக்குப் போனார். அதைப் பார்க்க மனோகரா இல்லை.

கங்கைக் கரையில் பார்த்தது

ரயிலேறுவதற்கு முன்பே நிராலாவுக்கு நிலவரம் தெரியும். செய்தித்தாள்களில் மரணச் செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன. எண்ணாகப் படித்ததைக் கண்ணால் பார்த்தது டல்மாவில். ஆற்றில் தண்ணீர் தெரியாத அளவுக்குப் பிணங்கள் மிதந்ததை அவர் எழுதியிருக்கிறார். இது கவிஞரின் மிகை இல்லை. எரிக்க விறகு கிடைக்காமல் ஆறுகளில் உடல்கள் அடைத்துக்கொண்டதை அரசின் சுகாதார அறிக்கைகளும் பதிவு செய்திருக்கின்றன.

மாமனார் வீட்டில் அடுத்த செய்தி காத்திருந்தது. மனோகராவைப் பார்க்க வந்த பங்காளி வழி அண்ணன், வந்த இடத்தில் நோய் தொற்றி, உடம்பு முடியாமல் கடாகோலா திரும்பியிருந்தார். நிராலா மறுநாளே சொந்த ஊருக்குக் கிளம்பினார். வழியில் எதிரே ஒரு பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அண்ணனின் உடல்தான் அது. தலை சுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் அண்ணி படுத்த படுக்கை. கணவரை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருப்பார்கள் என்று அவர் கேட்க, நிராலாவுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. குடும்பத்தின் பெரியவர் என்று மிஞ்சியிருந்த சித்தப்பாவும் அன்றே விழுந்துவிட்டார். இவனைப் பார்த்ததும் அவருக்கு ஆறுதலைவிடப் பதற்றம்தான் வந்தது. இங்கே ஏன் வந்து மாட்டிக்கொண்டாய் என்பதுபோல். நிராலாவோ, சித்தப்பா தேறியதும் எல்லோரையும் வங்காளத்துக்கே கூட்டிப்போய்விடலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அண்ணி இறந்தார். அவருக்குப் பால் குடிக்கும் பெண் குழந்தை ஒன்று. அதற்கும் காய்ச்சல். இரவில் அதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நிராலா படுத்திருந்தார். வீட்டுக்குள் ஒரு பூனை விடிய விடிய அலைந்தது. காலையில் குழந்தை இல்லை. ஆற்றங்கரையில் கொண்டுபோய்ப் புதைத்தார். அதற்குப் பிறகு சித்தப்பா.

அண்ணனின் பையன்களில் மூன்று பேருக்கும் காய்ச்சல் கண்டது. மருந்து என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத காலம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டதில் அந்த மூன்று பேரும் பிழைத்தார்கள். இந்தக் கதையை எடுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் மரணங்களை மட்டும் எடுக்கிறார்கள். இந்த மூன்று பையன்களை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. ஃப்ளூவுக்கு அன்றைக்கு இருந்த ஒரே சிகிச்சை, தண்ணீர் கொடுக்க வீட்டில் இன்னும் நிற்க முடிந்த ஒருவர். எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்த வீடுகளில் அந்த ஒருவர் இல்லை.

எல்லாம் ஓய்ந்தபோது வீட்டின் கணக்கு இது: பெரியவர்கள் 4 பேர், கைக்குழந்தை 1, ஆக 5 மரணம். மிச்சம் அண்ணனின் நான்கு பையன்கள், நிராலாவின் மகன் ராம்கிருஷ்ணா, மகள் சரோஜ். ஆறு பிள்ளைகளில் மூத்தவனுக்கு 15 வயது. சரோஜுக்கு ஒரு வயது. சம்பாதிக்கிற ஆள் ஒருவர்தான்.

நிராலா டல்மாவுக்குத் திரும்பி வந்து, கங்கையைப் பார்த்த ஒரு மேட்டில் போய் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். கீழே ஆற்றில் உடல்கள் வந்துகொண்டே இருக்கும்.

எல்லோருக்கும் ஒரே ஃப்ளூவா?

இல்லை. இன்றைய தமிழ்நாடு அடங்கிய மெட்ராஸ் மாகாணத்தையும் வங்காளத்தையும்விட பம்பாயும் மத்திய, வட மாகாணங்களும் மோசமாக அடிவாங்கின. ஒரே ஊருக்குள்ளும் வித்தியாசம் இருந்தது. பம்பாய் நகரத்தில் ஆயிரம் பேருக்கு எத்தனை மரணம் என்ற கணக்கு சமூகவாரியாக இருக்கிறது. ஐரோப்பியர்களில் 8.3. பார்சிகளில் 9. சாதி இந்துக்களில் 18.9. முஸ்லிம்களில் 19.2. அன்றைய பதிவேடு தாழ்ந்த சாதி என்று குறித்த மக்களில் 61.6.

அந்தக் கடைசி எண்ணை இன்னொரு முறை படியுங்கள். ஒரே நகரம், ஒரே கிருமி. ஐரோப்பியரைவிட ஏழு மடங்குக்கும் மேல். நெருக்கமான சால் குடியிருப்பு, குறைந்த சாப்பாடு, நாள்கூலியை விட முடியாத நிலைமை. அரசு அதிகாரிகளில் சிலர் மக்களின் அழுக்குப் பழக்கத்தைக் குறை சொன்னார்கள். இந்தியப் பத்திரிகைகளோ அதிகாரிகள் மலைவாசஸ்தலங்களில் உட்கார்ந்திருப்பதைக் கிழித்தன. பல ஊர்களில் காய்கறி, பால், மருந்து என்று வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள் சாதிச் சங்கங்களும் தன்னார்வத் தொண்டர்களும்தான்.

நிராலாவின் குடும்பம் ஏழைதான், ஆனால் பிராமணக் குடும்பம். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். பின்னாளில் அச்சில் இடம் கிடைத்தவர். ஏன் எப்போதும் இவரே என்ற கேள்விக்கான பதிலில் பாதி இங்கே இருக்கிறது. ஆயிரத்துக்கு 61 பேர் செத்த குடியிருப்புகளிலும் எதிரே வந்த பிணத்தைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தம்பிகள் இருந்திருப்பார்கள். அவர்கள் கையில் பேனா இல்லை.

ஆறு பிள்ளைகளும் ஒரு சம்பளமும்

மகிஷாதலுக்குத் திரும்பி வேலையைப் பார்த்தார். சில வருஷங்களில் அதையும் விட்டார். ராமகிருஷ்ண மடத்தின் சமன்வய் பத்திரிகைக்காகக் கல்கத்தா போனார். 1923-ல் மத்வாலா என்ற வாரப் பத்திரிகை. அந்தப் பெயரோடு எதுகை சேரும்படி வைத்துக்கொண்டதுதான் நிராலா என்ற புனைபெயர். வித்தியாசமானவன் என்று அர்த்தம்.

இந்தப் பக்கம் கவிதை. அந்தப் பக்கம் காசுக்காகப் பிரகலாதன், துருவன், பீஷ்மர், ராணா பிரதாப் என்று பிள்ளைகளுக்கான வாழ்க்கைக் கதைகள், பங்கிம் சந்திரரின் நாவல்களுக்கு மொழிபெயர்ப்பு. இன்றைக்கு நாம் ஃப்ரீலான்ஸ் என்று ஸ்டைலாகச் சொல்வதை அவர் பசிக்காகச் செய்தார். அவரது ஜூஹி கி கலி என்ற கவிதையைச் சரஸ்வதி பத்திரிகையே திருப்பி அனுப்பியிருந்தது. யாப்பில்லாமல் எழுதுகிறவர் என்று பண்டிதர்களின் கேலி வேறு. பிரசாத், பந்த், மகாதேவி வர்மா ஆகியோரோடு சாயாவாதம் என்ற இயக்கத்தின் நான்கு தூண்களில் ஒருவராக அவரை ஏற்றுக்கொண்டது பிற்பாடு.

பிள்ளைகளை வளர்த்தது டல்மாவில் மாமியார். மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி நெருக்கடி வந்துகொண்டே இருந்தது. மாமியாரே சொன்னார். ஜாதகத்திலும் இரண்டு கல்யாணம் என்று எழுதியிருந்தது. நிராலா என்ன செய்தார் தெரியுமா? அந்த ஜாதகத்தைக் குழந்தை சரோஜிடம் விளையாடக் கொடுத்துவிட்டார். அது கிழித்துப் போட்டது. அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

சரோஜின் கல்யாணத்தை வரதட்சணை இல்லாமல், ஜாதகம் பார்க்காமல், கூட்டம் கூட்டாமல் நடத்தினார். மந்திரத்தையும் தானே சொன்னார். 1935-ல் நோயில் படுத்த சரோஜ் 18 வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில் இறந்துபோனார். மகளுக்குச் சரியாகச் செலவு செய்ய முடியாத தகப்பன் என்ற குற்ற உணர்ச்சியோடு அவர் எழுதிய சரோஜ் ஸ்மிருதி, இந்தியின் மிகப் பெரிய இரங்கல் கவிதையாக இன்றும் மதிக்கப்படுகிறது. ஜாதகம் கிழிந்த கதை அதில்தான் வருகிறது. கல்யாண நாளில் மகளின் முகத்தில் மனோகராவின் சாயலைப் பார்த்ததும் அதில்தான். 1918-ல் ஒரு வயதில் ஃப்ளூவிலிருந்து தப்பித்த குழந்தை அவர்.

எழுத எடுத்துக்கொண்ட காலம்

ஃப்ளூவை நிராலா உடனே எழுதவில்லை. 1933-ல் வந்த அலகா நாவலைப் போர் முடிந்து இன்ஃப்ளூயன்ஸா ஊர்களைக் காலி செய்யும் அவத் பகுதியில் தொடங்கினார். பெற்றோரை நோய்க்குப் பறிகொடுத்துத் தனியே நிற்கும் பெண்தான் கதாநாயகி. தன் வீட்டுக் கதையைத் தன் பெயரிலேயே சொன்னது 1939-ல், குல்லி பாட் என்ற நூலில். நடந்து 21 வருஷம் கழித்து.

அந்த நூலும் ஃப்ளூவைப் பற்றியது இல்லை. டல்மாவில் வாழ்ந்த குல்லி என்ற நண்பரைப் பற்றியது. ஊர் ஏளனம் செய்த மனிதர். முஸ்லிம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். அவர் இறந்தபோது சடங்கு செய்யப் புரோகிதர் மறுக்க, நிராலாவே உட்கார்ந்து நடத்தி வைத்தார். இந்தக் கதைக்கு நடுவே, சில பத்திகளில், குரலை உயர்த்தாமல், தன் வீடு காலியானதைச் சொல்லிவிட்டுப் போகிறார். நாம் திரும்பத் திரும்ப எடுத்துப் போடுவது அந்தச் சில பத்திகளைத்தான். 2016-ல் சத்தி கன்னாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, இந்தி தெரியாத வரலாற்று வாசகர்களையும் அது எட்டியது.

முதல் உலகப் போரில் இறந்த 70,000-க்கும் அதிகமான இந்தியச் சிப்பாய்களுக்கு டெல்லியில் இந்தியா கேட் நிற்கிறது. அதே காலத்தில் ஃப்ளூவில் இறந்த கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படியொரு தேசிய நினைவிடம் இல்லை. பதிலின் மறு பாதி இது. நினைவிடம் செய்திருக்க வேண்டிய வேலையை இந்தப் பத்திகள் செய்துகொண்டிருக்கின்றன.

கடைசிக் காலத்தில் நிராலா அலகாபாத்தின் தாராகஞ்சில் இருந்தார். கையில் வந்த பணத்தையும் போர்வையையும் கண்ட ஏழைக்குக் கொடுத்துவிடுகிறவர் என்ற பெயரும், மனநிலை பாதிக்கப்பட்டவர் என்ற பேச்சும் சேர்ந்தே இருந்தன. ராக்கி கட்டும் தங்கையாக மகாதேவி வர்மா இருந்தார். 1961 அக்டோபர் 15-ம் தேதி இறந்தார். பிற்பாடு ராம்விலாஸ் சர்மா அவரது வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றி மூன்று தொகுதிகளாக எழுதினார்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலையில், உன்னாவ் மாவட்டத்துக் கங்கை மணலில் ஆழமில்லாமல் புதைக்கப்பட்ட உடல்கள் நூற்றுக்கணக்கில் தெரிந்தன. சுடுகாடுகளில் இடமில்லை, விறகு விலை தாங்கவில்லை என்று அங்கிருந்த குடும்பங்கள் நிருபர்களிடம் சொன்னார்கள். கடாகோலா இருப்பது அதே உன்னாவ் மாவட்டத்தில்தான்.